இரைச்சலும் ஈகையும்

தளவாய்புரத்திலிருந்து தோழர்கள் நால்வர் சென்ற திங்கள் நம்மைக் காண வந்தனர். ஒருவர் விசைத்தறி ஓட்டுபவர். ஒருவர் நைட்டி தைக்கும் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். மற்ற இருவரும் கல்லூரி மாணவர். விடுமுறை நாட்களில் அவர்களும் தையல் பொறியின் முன் அமர்பவர்களே. படிப்பகம் ஒன்று தொடங்க வேண்டும், உழைப்போரின் பிள்ளைகள் மாலை நேரத்தில் அங்கு வந்து படிக்க வேண்டும், அதற்கு நிதி வேண்டும் என்றனர். நிதிக்கு வழி? இசை நிகழ்ச்சி! எத்தகைய இசை? மேனாட்டு இளைஞர்கள் பங்க் என்றும் மெட்டல் என்றும் கூறி, கிட்டாரை அலற விட்டு, முரசை இடியென முழக்கிப் பாடுகிறார்களே, அந்த இசை. அதைப் பயின்ற தமிழிளைஞர் குழுக்கள் சிலவற்றை அழைத்து, பள்ளித் திடலில் மேடை போட்டு, சீட்டு விற்று, வருவாயைப் படிப்பகத்துக்கு ஆக்க வேண்டும் என்பது திட்டம்.

ஊர்ப் பெரியவர்கள் விட்டார்களா? "தருமக் காரியத்துக்குப் பேய்க்கூச்சலா! பஜனை வையுங்கள், பரதம் வையுங்கள், பட்டிமன்றமாவது வையுங்கள். இந்த இரைச்சலை வைத்தால் ஊர் கெடும்" என்று தடை சொன்னார்களாம். "அண்ணே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் தறியோட்டும் தோழர்.

அன்று நாம் அரைமணி நேரம் பேசினோம். பேசியது போதவில்லை. ஆகவே எழுதுகிறோம்.

இரைச்சல் என்கிறார்களே, அதை முதலில் பார்ப்போம். தறிக்கூடத்தில் நாழிகைக் கணக்கில் நின்றவன் காதுக்கு எந்த இசையும் இரைச்சலாகாது. அது கிடக்கட்டும். சீவில்லிபுத்தூரில் பங்குனிப் பூக்குழி வருகிறது, ஆடிப்பூரத் தேர் வருகிறது. அந்நாட்களில் ஒலிபெருக்கிக் குழாய்கள் வைகறையிலேயே வாய் திறக்கின்றனவே! தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை தலையணையால் காதைப் பொத்திக்கொள்கிறானே! அதை இரைச்சல் என்று சொல்லும் துணிவு ஊரில் எத்தனை பேருக்கு உண்டு? ஆகவே ஓசையின் அளவைக் கொண்டு ஒன்றை இரைச்சல் என்று நம்மவர் முடிவு செய்வதில்லை. எவன் எழுப்பும் ஓசை, எதற்காக எழுப்பும் ஓசை என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளின். ஆண்டு 1742. கடனைக் கட்ட முடியாதவன் சிறையில் கிடக்க வேண்டும் என்ற சட்டம் இருந்த காலம். சிறையில் கிடப்பவன் எப்படிச் சம்பாதிப்பான், சம்பாதிக்காதவன் எப்படிக் கடனைக் கட்டுவான் என்று கேட்டால் விடை இல்லை. அந்தக் கடனாளிகளை மீட்கவும், இரண்டு மருத்துவமனைகளுக்கு உதவவும் ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. பாடப்பட்டது ஹாண்டெல் அமைத்த 'மெசையா'. இன்று கிறித்தவ உலகம் எழுந்து நின்று கேட்கும் இசை அது. அன்று? நகரின் பெரிய தேவாலயத் தலைவர், தம் பாடகர்கள் அந்த இசைக்கூடத்துப் பக்கமே போகக்கூடாது என்று சீறி ஆணையிட்டார். அவர் யாரோ அல்லர். கலிவரின் பயணங்களை எழுதி உலகைச் சிரிக்க வைத்தாரே, அந்த ஜோனதன் ஸ்விஃப்ட்தான்! பிறகு மனம் மாறி இசைந்தார். பாட வந்த பெண்களுள் ஒருவர் சூசன்னா சிப்பர் என்ற நாடக நடிகை. மணவாழ்வு வழக்குமன்றம் ஏறி, ஊர் வாயில் அடிபட்டு, இலண்டனை விட்டு விலகி நின்றவர்.

அந்த நடிகைதான் ஏப்ரல் 13ஆம் நாள் பாடினார். ஏறத்தாழ 700 பேர் கேட்டனர். இடம் போதாது என்பதால், பெண்கள் வளையம் வைத்த பாவாடை அணிந்து வர வேண்டாம், ஆண்கள் வாள் கட்டி வர வேண்டாம் என்று முன்னதாகவே வேண்டிக்கொண்டார்களாம். திரண்ட தொகை ஏறக்குறைய 400 பவுண்டு. அதில் கடனாளிகளுக்கு வந்த பங்கு 142 பேரைச் சிறை மீட்டது. பாடியது ஆண்டவனைப் பற்றி. சிறைக் கதவைத் திறந்ததோ நுழைவுச் சீட்டுக் காசு! நாம் இதைக் கேலியாகக் கூறவில்லை. மனிதனுக்கு மனிதன் செய்த உதவி என்று அதன் பெயரைச் சரியாக எழுதி வைக்கிறோம்.

இசையால் நிதி திரட்டும் வழக்கம் தமிழகத்துக்கும் புதிதன்று. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராய்ச் சென்ற நாளிலேயே 'பெனிபிட் நாடகம்' என்ற சொல் நம் ஊர்களில் வழங்கியது. பிற்காலத்தில் அறிஞர் அண்ணா நாடகம் எழுதியதோடு நிற்காமல், 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக வேடமிட்டு மேடையேறினார். கருத்தும் பரவிற்று, பணிக்கு நிதியும் வந்தது. 'கூத்தாடிகள்' என்று ஏசினோர் இருந்தனர். ஏசியவர்கள் ஏசியபடி இருந்தனர், நாடகம் நடந்தபடி இருந்தது.

கருநாடக இசையிலும் ஒரு சான்று உண்டு. மதுரையில் 1916இல் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். அதன்பின் வாழ்நாள் முழுதும் மருத்துவமனைக்கும் கல்விக்கும் பாடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1974இல் மகசேசே விருது வந்தபோது, அது பொதுத்தொண்டுக்கான விருதாகவே வந்தது. அவர் பிறந்தது தேவதாசி மரபில் என்பதை நாம் மறக்கலாகாது. அந்த மரபுப் பெண்களை இழிவுபடுத்திய சமுதாயம்தான் அவர்கள் கலையை மட்டும் சபாவில் அமர்ந்து சுவைத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ப் போராடினார், முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் வாதாடினார், 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான சட்டம் வந்தது. டப்ளின் நடிகைக்கும் மதுரைப் பாடகிக்கும் இடையே இரு நூற்றாண்டு இடைவெளி. இழித்துரைக்கப்பட்ட இடத்திலிருந்து வந்த குரலே இரண்டு இடத்திலும் கொடைக்குப் பயன்பட்டது.

சரி, பேய்க்கூச்சலுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆஸ்டன் என்றொரு பகுதி. பட்டறைகளும் ஆலைகளும் நெருங்கிய உழைப்பாளர் குடியிருப்பு. அங்கே டோனி அயோமி என்ற 17 வயது இளைஞன் உலோகத் தகடு வேலை செய்யும் ஆலையில் பணி செய்தான். கிட்டார் வாசிப்பதில் ஆர்வம். ஆலையை விட்டு இசைக்குழுவோடு போய்விட முடிவு செய்திருந்தான். வேலையின் கடைசி நாள். வழக்கமாக அந்தப் பொறியில் நிற்கும் ஆள் வரவில்லை, இவனை நிறுத்தினார்கள். பொறி இறங்கிற்று. வலக்கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அவன் இடக்கைப் பழக்கம் உடையவன். கிட்டாரின் தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே!

தளவாய்புரத்துத் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? வெட்டுக் கத்தியின் அருகிலும் நூற்பாலைப் பொறியின் அருகிலும் நாள்தோறும் விரலை வைத்து வாழும் மக்கள் அல்லவா நீங்கள்!

அவன் இசையையே கைவிட எண்ணினான். ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. ரோமா நாடோடி இனத்தில் பிறந்தவர். 1928இல் தீயில் சிக்கி இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்தும் உலகம் வியக்க வாசித்தவர். கேட்டான் இளைஞன். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். மேலே தோல் ஒட்டினான். மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பின்னர்த் தந்தியின் முறுக்கையும் தளர்த்தினான். விரலுக்கு வலி குறைந்தது; ஒலியோ தாழ்ந்து கனத்தது. அவனது பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. மெட்டல் இசையின் தொடக்கம் என்று இன்று பலரும் அதையே காட்டுகின்றனர்.

பேய்ப் பாட்டு என்று மேனாட்டுப் பாதிரிமாரும் கூவினர். குழுவின் பெயரிலும் சில பாடல்களிலும் பேய் வரத்தான் செய்கிறது. வியாபாரத்துக்குப் பேயும் உதவிற்று என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் அவர்களே போரை மூட்டிவிட்டு ஏழைப் பிள்ளைகளைச் சாக அனுப்பும் ஆட்சியாளரைச் சாடிப் பாடினார்களே, அதைப் பற்றிப் பேச்சுண்டா? இல்லை! பேய் உண்டென்று நம்புகிறவனுக்கன்றோ பேய்ப் பாட்டு அச்சம் தரும்? நமக்கென்ன!

2025 சூலை 5ஆம் நாள் அந்தக் குழு தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. எங்கே? நியூயார்க்கிலன்று, இலண்டனிலும் அன்று. தாங்கள் பிறந்து வளர்ந்த ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்துத் திடலில். மெட்டாலிகா, ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் முதலிய மெட்டல் குழுக்கள் அணிவகுத்து வந்து பாடின. 40,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். பாடகர் ஓசி ஆஸ்போர்ன் ஒரு காலத்தில் கசாப்புக் கூடத்தில் வேலை செய்தவர். திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையும் கண்டவர். பார்க்கின்சன் நோய் வாட்ட, நிற்க முடியாமல் இருக்கையில் அமர்ந்தே பாடினார். வருவாய் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், தீராநோயுற்ற பிள்ளைகளைப் பேணும் இல்லத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதே சூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். பேய்க்கூச்சல் என்று சொல்லப்பட்ட இசை பிள்ளைகளின் மருத்துவத்துக்கு நிதி தந்தது, ஊரும் கெடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு தொகை திரண்டது என்பதில் பெரும் மிகைக் கணக்குகள் உலகெங்கும் பரவின. பாடகரின் குடும்பத்தாரே அவற்றை மறுக்க நேர்ந்தது. நிதிக் கச்சேரியின் நோய் அங்கேதான் இருக்கிறது. கைதட்டல் காதுக்கு எட்டும் வேகத்தில் கணக்கு கண்ணுக்கு எட்டுவதில்லை.

வங்க மக்களுக்காக 1971இல் நடந்த நிகழ்ச்சியை நினைவு கூர்வோம். முந்தின ஆண்டு பெரும்புயல். அந்த ஆண்டு போர். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலிகளாய் இந்திய எல்லைக்குள் வந்தனர். சித்தார் மேதை ரவிசங்கர் தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் ஏதேனும் செய்ய வேண்டும் என்றார். ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள், 40,000 பேர். தொடக்கத்தில் சித்தாருக்கும் சரோதுக்கும் சுருதி கூட்டியதையே இசை என்று எண்ணிக் கைதட்டினார்களாம் அமெரிக்க இளைஞர்! நிகழ்ச்சியின் நேர் வருவாய் 2,43,418 டாலர் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்குச் சென்றது. ஆனால் இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெருந்தொகை? அறக்கொடை நிகழ்ச்சி என்று உரிய முறையில் முன்கூட்டியே பதிவு செய்யாததால் வரித்துறையின் பிடியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. நல்ல உள்ளம் இருந்தது, நல்ல இசை இருந்தது. ஒரு தாள் இல்லை! பசித்த பிள்ளை அதற்காகக் காத்திருக்குமா?

இனி, பங்க் இசை. 1976ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலையின்றித் தெருவில் நின்ற இங்கிலாந்து இளைஞரிடம் பரவியது. மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், குழு அமைக்கலாம் என்பது அவர்கள் துணிவு. குருகுலம் வேண்டாம், கோத்திரம் வேண்டாம்! அந்த 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், அயலினத்தார் வெளியேற வேண்டும் என்று வெறிப்பேச்சுப் பேசினார். கறுப்பு மக்களின் இசையைக் கற்றுப் பொருள் குவித்தவர் அவர்! கொதித்தெழுந்தனர் சிலர், இசை இதழ்களுக்கு எழுதினர், 'இனவெறிக்கு எதிராக ராக்' என்னும் இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30இல் இலண்டன் டிராபல்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்து விக்டோரியா பூங்காவை அடைந்தனர். 80,000 பேர் என்பர், அதற்கு மேலும் என்பர். கிளாஷ் என்ற பங்க் குழுவும், கறுப்பின இளைஞரின் ஸ்டீல் பல்ஸ் குழுவும் ஒரே மேடையில் பாடின. நுழைவு இலவசம்.

நான்கே நாட்கள். மே 4ஆம் நாள் மாலை, கிழக்கு இலண்டனில் அல்தாப் அலி என்ற வங்கத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இனவெறியரால் குத்திக் கொல்லப்பட்டார். தையல் தொழிலாளி, தோழர்களே! பாட்டுக்குத் திரண்ட கூட்டம் அவருக்குக் காவலாக முடியவில்லை. மே 14இல் ஏறத்தாழ 7,000 பேர் அவர் சவப்பெட்டியின் பின்னே தலைமை அமைச்சர் இல்லம் வரை நடந்தனர். அந்த வட்டாரத்து வங்க இளைஞர் சங்கம் அமைத்து நின்றனர். அதே ஆண்டு செப்டம்பர் 24இல் தெற்கு இலண்டனில் இரண்டாவது இசைவிழா கோலாகலமாக நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, இனவெறிக் கட்சியினர் வங்க மக்கள் வாழும் பிரிக் லேன் பக்கம் அணிவகுத்தனர். தடுக்க நின்றவர்கள் சிலரே. பாட்டு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறோம்.

நம் நாட்டுக்கு மீள்வோம். இங்கே இரைச்சல் என்று முதன்முதல் பழிக்கப்பட்ட கருவி மெட்டல்காரனின் கிட்டாரா? பறை! அதைச் செய்தவன் தீண்டாதவன், அடித்தவன் தீண்டாதவன், ஆனால் சாவு விழுந்தால் மட்டும் அவன் வந்தே தீர வேண்டும். கலையைக் கட்டாய ஊழியமாக்கிய கொடுமை அது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இளையபெருமாள், பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைச் சுமக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். அவர் தலைமையில் அமைந்த குழு தீண்டாமைக் கொடுமைகளை நாடெங்கும் ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தது. அடிக்க மறுத்தது ஒரு தலைமுறையின் தன்மானம். அதே பறையைத் தாமே விரும்பி எடுத்து, தலைநிமிர்ந்து மேடையில் முழக்குவது அடுத்த தலைமுறையின் தன்மானம். இரண்டையும் முரண் என்று காண்பவர் வரலாறு அறியாதவர்.

2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்துப் பள்ளித் திடலில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அரங்கேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும், இசையமைப்பாளர் தென்மாவும் இளைஞரைத் திரட்டினர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாய் ஒலித்தன. குழுவின் பெயருக்கு வேர், சாதியற்ற தமிழர் என்று மக்களை எழுதச் சொன்ன அயோத்திதாசர். வடசென்னைச் சாவு வீட்டில் ஒலித்த கானாவுக்கு மேடையும் விளக்கும் வந்தன. அதையும் இரைச்சல் என்றவர் உண்டு. யார் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே தளவாய்புரத்துத் தோழர்களே, நடத்துங்கள் நிகழ்ச்சியை! ஆனால் நம்மிடம் நீங்கள் காட்டிய செலவுத் திட்டத்தில் ஒரு வரி நமக்கு உறுத்தியது; அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரருக்கு வாடகை எழுதியிருந்தீர்கள். பந்தலுக்கு எழுதியிருந்தீர்கள். நகரத்துக் குழுக்களுக்கு வழிச்செலவும் உணவும் எழுதியிருந்தீர்கள். நம் ஊர்ப் பறைக் குழுவுக்கு நேராக 'நன்கொடை' என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைக் கேட்டீர்களா? கேட்டோம், சரியென்றார்கள் என்பீர்கள். ஊர்க்காரர் நால்வர் வந்து நின்று நல்ல காரியம் என்று கேட்டால் அவர்கள் வேறென்ன சொல்ல முடியும்? தலைமுறை தலைமுறையாய் அவர்களிடம் ஊர் அப்படித்தானே கேட்டுவந்தது! முதலில் கூலியைக் கையில் கொடுங்கள். அதன்பின் அவர்கள் விரும்பி எதையாவது பெட்டியில் போட்டால் அதுவே நன்கொடை. விருந்தினரை வாயிலில் வரவேற்கும் வேலைக்கும் அவர்களை நிறுத்தாதீர்கள். மற்றக் குழுக்களின் பெயரோடு அவர்கள் பெயரும் சுவரொட்டியில் அதே அளவு எழுத்தில் வரட்டும்.

கணக்கு மறுநாளே வேண்டும். விற்ற சீட்டு இத்தனை, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று பெரிய தாளில் எழுதி, படிப்பகம் அமையப்போகும் சுவரில் ஒட்டுங்கள். தடை சொன்ன பெரியவர்களையே அழைத்து அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் பகைவர் அல்லர். அவர்கள் பேரப்பிள்ளைகளும் அந்தப் படிப்பகத்துக்குத்தான் வரப்போகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வேண்டாம். பூக்குழிக் குழாயைக் குறை கூறிய வாயால் நாம் வேறு விதமாய்ச் சொல்ல முடியாது.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவக் கட்டுத்துணி நெய்கின்றன. எங்கோ எவர் கையிலோ படும் காயத்துக்கு நம் வட்டாரத்துத் துணி போய்ச் சேர்கிறது. அந்தத் தறிக்கூடத்துப் பிள்ளைகளும் படிக்க வர வசதியாக, பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகே படிப்பகத்துக்கு இடம் பாருங்கள். நமக்கு மூன்று சீட்டுகள் எடுத்து வையுங்கள்; பணத்தை இத்தோழர்கள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.